பிரிக்காத பெட்டிகள்: சேகரிப்புச் சோர்வு என்றால் என்ன?

அலமாரியின் கீழ்த்தட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரே நீல நிறக் கார் இரண்டு கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் டை-காஸ்ட் கார், அதாவது உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்த பொம்மைக் கார். இரண்டுமே அட்டையோடு, மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக் குமிழ்கூட உடையாமல், வாங்கின மேனிக்கு அப்படியே இருந்தன. முதல் காரை வாங்கியது நன்றாக நினைவிருக்கிறது. பல மாதம் தேடி வாங்கியது அது. இரண்டாவதை எப்போது வாங்கினேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. முதல் கார் என்னிடம் இருப்பதே மறந்துபோய்த்தான் இரண்டாவதை வாங்கியிருக்கிறேன்.

தேடித் தேடி வாங்கிய ஒரு பொருள் நம்மிடம் இருப்பதே மறந்துபோகிறது என்றால், அதற்கு முன்னாலேயே ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டிருந்திருக்கிறது. பொம்மை, ஃபிகர் (கதாபாத்திரங்களின் சிறு உருவம்), குட்டிக் கார், மாடல் கிட் (பாகங்களைப் பொருத்தி நாமே கட்டுவது), படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டை என்று எதைச் சேகரிப்பவருக்கும் அது நடக்கலாம். அதைத்தான் சேகரிப்புச் சோர்வு என்கிறோம். இந்தப் பழக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், வீட்டில் ஒருவர் ஏன் பெட்டிகளைப் பிரிக்காமலே அடுக்கி வைக்கிறார் என்று புரியாமல் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சலிப்பு வேறு, சோர்வு வேறு

ஒரு பொழுதுபோக்கில் புதிய பொருட்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைப் பார்க்க, தேர்ந்தெடுக்க, வாங்க, வைக்க, ரசிக்க நம்மிடம் இருப்பது ஓரளவு நேரம், ஓரளவு பணம், ஓரளவு இடம். வருகிற வேகம் இந்த அளவைத் தாண்டிக்கொண்டே போனால் ஒரு களைப்பு வரும். அவ்வளவுதான் இதன் விளக்கம்.

ஆனால் இதைச் சலிப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சலிப்பு என்றால் ஆசையே விட்டுப்போவது. சலித்துப்போனவர் எழுந்து போய்விடுவார், திரும்பிப் பார்க்கவும் மாட்டார். திகட்டல் என்று ஒரு நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. பிடித்தது அளவுக்கு மேல் வந்துவிட்டதால் இப்போதைக்கு வேண்டாம் என்று தோன்றுவது அது. கொஞ்ச நாளில் சரியாகிவிடும். சோர்வு இந்த இரண்டும் இல்லை. சோர்ந்த சேகரிப்பாளருக்கு அந்தப் பொம்மைகள் மேல் பிரியம் குறைவதில்லை. பிரியம் இருப்பதால்தான் விட முடியாமல் வாங்கிக்கொண்டே இருக்கிறார். வாங்கியதைப் பார்க்கத்தான் அவரிடம் தெம்பு இல்லை. "உனக்குத்தான் பிடிக்கவில்லையே, விட்டுவிடு" என்று சொன்னால் அவருக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஏன் இத்தனை வருகின்றன?

கம்பெனிகளின் பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி பொம்மை எப்படித் தயாராகிறது என்பதில் இருக்கிறது.

பிளாஸ்டிக் ஃபிகரோ உலோகக் காரோ, அதை வார்க்க முதலில் எஃகில் ஓர் அச்சு வெட்ட வேண்டும். பெரிய செலவு அங்கேதான். அச்சு தயாரான பிறகு ஒவ்வொரு பொம்மைக்கும் ஆகிற செலவு அதோடு பார்த்தால் சொற்பம். எனவே அந்த அச்சிலிருந்து எத்தனை விதம் எடுக்க முடியுமோ அத்தனையும் எடுக்கத்தான் பார்ப்பார்கள். சிவப்பில் வந்த கார் பிறகு நீலத்தில் வரும், அப்புறம் மினுமினுப்பில்லாத கறுப்பில் வரும். அதே ஃபிகருக்குத் தலையை மட்டும் மாற்றி ஒன்று, இருட்டில் ஒளிர்வது ஒன்று, ஆண்டுவிழாப் பதிப்பு என்று தங்க நிறத்தில் ஒன்று. இவற்றை வேரியண்ட் என்பார்கள். சாதாரணப் பெட்டிகளுக்கு நடுவே அபூர்வமாகக் கலந்து அனுப்பும் வேரியண்டுக்குச் சேஸ் என்று பெயர். இன்னொரு காரணமும் உண்டு. புதிதாக ஒருவரை இந்தப் பழக்கத்துக்குள் இழுத்து வருவது கடினம். ஏற்கெனவே 50 வாங்கியவரிடம் 51ஆவதை விற்பது எளிது.

எண்ணிக்கை எப்படி ஏறியது என்பதற்கு ஒரு கணக்கு. 1968இல் ஹாட் வீல்ஸ் என்ற குட்டிக் கார் வரிசை தொடங்கியபோது வந்தது 16 கார்கள். 1995இல் 'ட்ரெஷர் ஹன்ட்' என்று 12 அரிய கார்களை விட்டார்கள். ஒவ்வொன்றிலும் 10,000 மட்டுமே. இப்போது சாதாரண வரிசையில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 250 வருகின்றன. நிற மாற்றங்களும், விலை கூடிய தனி வரிசைகளும் இந்தக் கணக்கில் சேராதவை. 1978இல் கென்னர் கம்பெனி கொண்டுவந்த முதல் ஸ்டார் வார்ஸ் ஃபிகர்கள் 12தான். அந்த வரிசை 1985இல் முடியும்போது மொத்தமே ஏறக்குறைய நூறு. அதாவது ஏழெட்டு ஆண்டுகளில் வந்த அத்தனையையும் ஒரே அலமாரியில் நிறுத்திவிடலாம், ஒவ்வொன்றின் பெயரையும் ஒரு குழந்தை மனப்பாடமாகச் சொல்லிவிடும். இன்றைக்கு வெளிவருகிற பெரிய வரிசைகளில் அது யாராலும் முடியாது.

இடைவெளி போனால் எல்லாம் போகும்

எண்ணிக்கை மட்டுமே சோர்வைக் கொண்டுவருவதில்லை என்பது என் கருத்து. ஆயிரக்கணக்கில் வைத்துக்கொண்டு ஆனந்தமாக இருப்பவர்கள் உண்டு, 40 வைத்துக்கொண்டு சோர்ந்து கிடப்பவர்களும் உண்டு. வித்தியாசம் ஒரு பொருளுக்கும் அடுத்த பொருளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் இருக்கிறது.

வாங்குவது ஐந்து நிமிட வேலை. சேகரிப்பு என்று நாம் அனுபவிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் டேப்பை நகத்தால் மெல்லக் கீறி, அட்டை கிழியாமல் திறப்பது. உள்ளே பிளாஸ்டிக் தட்டை இழுக்கும்போது வரும் புதுப் பெயின்ட் வாசனை. ஃபிகரின் முழங்கால் மூட்டு இறுக்கமாக இருந்தால் உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து வளைப்பது. கண்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் அச்சாகியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. பிறகு அலமாரியில் அதற்கு ஓர் இடம் கண்டுபிடிக்க வேண்டும். உயரமானவை பின்னால் போகும், பின்வரிசைக்கு ஒரு படி வைக்க வேண்டியிருக்கும், படி வைத்தால் மேல்தட்டில் தலை இடிக்கும், மறுபடி எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதிலேயே போகும், போனது தெரியாது. அதற்குப் பிறகு சில வாரம் அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் கண் அங்கே போய்வரும். கொஞ்சம் கொஞ்சமாக அது நம்முடையதாகும்.

இதற்கெல்லாம் நாள் வேண்டும். அந்த நாட்களை அடுத்த வெளியீடு எடுத்துக்கொண்டுவிட்டால், மிச்சமிருப்பது வாங்கும் வேலை மட்டும்தான். எது எப்போது வருகிறது என்று பட்டியல் போடுவது, முன்பதிவு திறக்கும் நேரத்துக்கு அலாரம் வைப்பது, எதற்குப் பணம் கட்டினோம், எதற்குக் கட்டவில்லை என்று கணக்குப் பார்ப்பது. முன்பதிவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தயாரிப்பு தாமதமாவது இந்தத் துறையில் சர்வ சாதாரணம். வெவ்வேறு மாதங்களில் ஆசைப்பட்டுப் பதிந்துவைத்த மூன்று பொருட்கள் ஒரே வாரத்தில் வந்து இறங்கும். பதிந்தபோது இருந்த ஆசை அதற்குள் ஆறிப்போயிருக்கும். ஆனால் பணம் கட்டியாக வேண்டும். அந்த மூன்றாவது பெட்டிதான் பிரிக்காமலே கீழ்த்தட்டுக்குப் போகிறது.

இதற்கு உளவியலில் ஓர் அடிப்படை உண்டு. 1971இல் பிரிக்மன், கேம்ப்பெல் என்ற இருவர் எழுதினார்கள்: எந்த இன்பத்துக்கும் மனிதர்கள் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள், பழகியதும் அதே இன்பத்தைப் பெற இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. நின்ற இடத்திலேயே ஓடும் டிரெட்மில்லோடு அதை ஒப்பிட்டார்கள். வெளியீடுகளின் வேகம் கூடுவது டிரெட்மில்லின் வேகத்தைக் கூட்டுவது போலத்தான்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் பெட்டி

பிளைண்ட் பாக்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புதிதாக வருபவர்கள் பலர் இந்த வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். வரிசையில் 12 பொம்மைகள், எல்லாமே சம அளவில் கலந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெட்டியாக வாங்கி முழு வரிசையையும் சேர்க்கச் சராசரியாக எத்தனை பெட்டி வேண்டும்? பெரும்பாலும் 15, 20 என்றுதான் ஊகிப்பார்கள். விடை 37.

ஏன் என்று பார்த்தால் சோர்வு எங்கே தொடங்குகிறது என்பதும் புரியும். முதல் பெட்டியில் எது வந்தாலும் அது புதியது. ஆறு வெவ்வேறு பொம்மைகள் சேரும் வரை பெரிய கஷ்டம் இல்லை, சராசரியாக எட்டுப் பெட்டியில் முடிந்துவிடும். மீதி ஆறைச் சேர்க்க இன்னும் 29 பெட்டி வேண்டும். கடைசி ஒன்றுக்கு மட்டுமே சராசரியாக 12 பெட்டி, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் 12இல் ஒரு வாய்ப்புதான். முடிவில் 37 பெட்டியில் 25 ஏற்கெனவே கையில் இருப்பவை. 72 பெட்டிக்கு ஒன்று என்று ஒரு ரகசியப் பொம்மை இருந்தால், அதை மட்டுமே குறிவைத்துப் போகிறவருக்குச் சராசரியாக 72 பெட்டி ஆகும். சராசரி என்பதைக் கவனியுங்கள். பலருக்கு அதற்கும் மேலே போகும்.

பாதி வழி வரை ஓடுவது சந்தோஷம், மீதி வழி சேற்றில் நடப்பது போல. அந்த மீதி வழியில் இருக்கும்போதே அடுத்த வரிசை வந்துவிடுகிறது. முடியாத ஒன்று, அதன் மேல் இன்னொரு முடியாத ஒன்று. வெறுமையாக இருக்கும் ஒரு கட்டம் மனதை அரிக்கும் என்பது சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படி நான்கைந்து கட்டங்கள் ஒரே சமயத்தில் அரித்தால் என்ன ஆகும்? வரிசை முழுதும் அடங்கிய பெரிய பெட்டியை மொத்தமாக வாங்கினாலோ, நண்பர்களோடு மாற்றிக்கொண்டாலோ இந்தக் கணக்கு வெகுவாகக் குறையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாற்றிக்கொள்வதில் பேச்சும் பழக்கமும் கூடவே வருகின்றன. அதனால் எனக்கு அந்த வழிதான் பிடிக்கும்.

வாங்குவது கடைசியில்தான் நிற்கும்

சோர்வில் ஒவ்வொன்றாக நிற்கும், அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பெட்டியைப் பிரிப்பது நிற்கும். பிறகு அலமாரியில் மாற்றி அடுக்குவது நிற்கும். அப்புறம் நண்பர்களிடம் அதைப் பற்றிப் பேசுவது. வாங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. இவ்வளவு சேர்த்துவிட்டோமே, இப்போது நடுவில் விட்டால் போட்டதெல்லாம் வீணாகிவிடுமே என்ற எண்ணம் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் தெரிவது இந்தக் கடைசி ஒன்று மட்டும்தான். அலமாரிகளில் ஆர்வம் செத்துக்கொண்டிருக்கும், விற்பனை மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். பிறகு ஒருநாள் பலரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நிறுத்துவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது திடீர்ச் சரிவு.

இதற்கு வரலாற்றில் உதாரணம் நிறைய. அமெரிக்காவில் 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் விளையாட்டு வீரர் அட்டைகளை அச்சடித்துத் தள்ளினார்கள். மெழுகுத்தாள் பொட்டலங்களில் வந்ததால் அந்தக் காலத்துக்கே ஜங்க் வாக்ஸ், அதாவது குப்பை மெழுகு என்று பெயர் நின்றுவிட்டது. அந்த அட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் மதிப்பில்லை. 1993இல் வந்த பீனி பேபீஸ் துணிப் பொம்மைகளுக்கு, சிலவற்றை நிறுத்திவிட்டுப் புதியவற்றை விடும் உத்திதான் பலமாக இருந்தது. எல்லோரும் நாளைக்கு விலை ஏறும் என்று வாங்கிக் குவித்தார்கள். 1990களின் முடிவில் அந்தச் சந்தை உடைந்தது.

எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் உதாரணம் ஸ்கைலேண்டர்ஸ். பொம்மையை ஒரு பீடத்தில் வைத்தால் அது வீடியோ கேமுக்குள் உயிரோடு வரும். எவ்வளவு அழகான யோசனை! 2011இல் தொடங்கி 2016 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஆறு விளையாட்டுகள் விட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு புது வித்தை: ராட்சத உருவங்கள், இடுப்பில் பிரித்து மாற்றிப் பொருத்தும் உருவங்கள், பகைவரைப் பிடித்து அடைக்கும் பொறிகள், வண்டிகள். புது வித்தையை முழுதாக அனுபவிக்கப் புதுப் பொம்மைகள் வேண்டும், சில முறை பீடமே புதிதாக வேண்டும். குழந்தை போன ஆண்டுப் பொம்மைகளோடு பழகி முடிப்பதற்குள் அவை பழையதாகிவிட்டன. நடுவில் டிஸ்னி இன்ஃபினிட்டி, லெகோ டைமென்ஷன்ஸ் என்று போட்டிக்கு வேறு வந்தார்கள். டிஸ்னி 2016இல் நிறுத்தியது. ஸ்கைலேண்டர்ஸ் வரிசையில் 2016க்குப் பிறகு அப்படிப் பெரிய விளையாட்டு வரவில்லை. லெகோ 2017இல் விலகியது. அந்த யோசனையில் எந்தக் குறையும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. மூச்சு விட இடம் கொடுத்திருந்தால் இன்னும் பல ஆண்டுகள் ஓடியிருக்கும்.

அண்மையில் நடந்தது ஃபங்கோ நிறுவனத்தின் கதை. பெரிய தலை, கறுப்பு மணிக்கண் பொம்மைகள் என்றால் பலருக்கும் தெரியும். 2022 முடிவில் அதன் கிடங்குகளில் சுமார் 24.6 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கு தேங்கி நின்றது. வைத்திருக்கும் செலவு தாங்காமல், 3 கோடி முதல் 3.6 கோடி டாலர் வரை மதிப்புள்ள பொம்மைகளை அழித்துவிடப் போவதாக 2023 மார்ச்சில் அந்த நிறுவனமே அறிவித்தது. அதற்குச் சில மாதம் முன்னால், 2022 நவம்பரில், 'மேஜிக்: தி கேதரிங்' என்ற அட்டை விளையாட்டின் அட்டைகளை அளவுக்கு மீறி அச்சடிக்கிறார்கள் என்று எச்சரித்து, அதை வெளியிடும் ஹாஸ்ப்ரோவின் பங்கு மதிப்பீட்டை பேங்க் ஆஃப் அமெரிக்கா குறைத்தது. கண்காட்சி அலமாரிகளில் பல காலமாகத் தெரிந்துகொண்டிருந்தது பங்குச்சந்தைக்கு வந்து சேர இவ்வளவு நாள் ஆகிறது.

சரி, என்ன செய்யலாம்?

வேலியை நாமே போட வேண்டும். கம்பெனி போடாது, அது அதன் வேலையும் இல்லை. ஒரே ஒரு கதாபாத்திரம், ஒரே ஒரு அளவு, ஒரு குறிப்பிட்ட காலத்தில் வந்தவை, இந்த ஓர் அலமாரியில் அடங்குபவை என்று எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். நான் அலமாரியைத்தான் சிபாரிசு செய்வேன். மனக்கணக்கில் போட்ட எல்லையை மனமே தளர்த்திவிடும், பலகை தளராது. எல்லை போட்டதும் முதல் சில மாதம் வலிக்கும். அழகான ஒன்று கண்முன்னே வந்து போகும். நான்காவது, ஐந்தாவது முறை விட்டுக்கொடுக்கும்போது அந்த வலி குறைந்திருக்கும்.

இப்போது விட்டால் இனி கிடைக்காது என்ற பயம் பெரும்பாலும் ஊதிப் பெருக்கப்பட்டது. அச்சு கையில் இருக்கும் வரை அதிலிருந்து மறுபடி வார்க்கலாம். 1980இல் பண்டாய் வெளியிட்ட முதல் கண்டாம் (ஜப்பானிய அனிமே ரோபோ) மாடல் கிட்டே பல முறை மறுபதிப்பாக வந்திருக்கிறது. உண்மையிலேயே திரும்ப வராதவையும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முன்பதிவுப் பக்கத்தில் ஓடும் கடிகாரத்தை நம்பி அதை முடிவு செய்ய வேண்டாம்.

சோர்வு உச்சத்தில் இருக்கும்போது மொத்தத்தையும் விற்றுவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அப்படி விற்றுவிட்டு அதே பொருட்களை மறுபடி தேடி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெட்டியில் போட்டு மூன்று மாதம் பரண்மேல் வையுங்கள். எது இல்லாதது உறுத்துகிறதோ அது உங்களுடையது. எது இருந்ததே மறந்துவிட்டதோ அதைக் கொடுத்துவிடலாம். அந்த மூன்று மாதமும் புதிய வெளியீட்டுச் செய்திகளைப் பார்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது. கடன் வாங்கி வாங்குவதும் வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்துவைப்பதும் நடக்கிறது என்றால் அது வெறும் சோர்வு இல்லை. நெருங்கியவர் ஒருவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேச வேண்டிய நேரம் அது.

மாடல் கிட் கட்டுபவர்களிடையே, கட்டாமல் குவிந்த பெட்டிகளை வெட்கக் குவியல் என்று சொல்லும் பழக்கம் ஆங்கிலத்தில் உண்டு. எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஜப்பானியர்கள் சுமி-புரா என்கிறார்கள், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் மாடல் என்று அர்த்தம். அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. வெட்கப்பட்டால் அந்தக் குவியல் பக்கமே போகத் தோன்றாது. போய் ஒன்றை எடுத்துப் பிரிப்பதுதான் வேண்டியது.

இரண்டு நீலக் கார்களில் ஒன்றை நண்பரின் மகளுக்குக் கொடுத்தேன். மற்றொன்றின் குமிழை அன்றைக்கே கத்தரித்தேன். கவிழ்த்துப் பார்த்தால் அடித்தகட்டில் ஒரு பெயர் பொறித்திருந்தது. எங்கேயோ படித்த பெயராக இருக்கிறதே என்று மேல்தட்டில் தேடினேன். பல ஆண்டுகளாக அங்கே நிற்கும் சிவப்புக் காரின் அடியிலும் அதே பெயர், அதே எழுத்து வடிவம். ஒரே அச்சில் பிறந்தவை. முன்கண்ணாடிச் சட்டத்தின் வளைவு, பின்சக்கரத்துக்கு மேல் கொஞ்சம் புடைத்திருக்கும் தகடு, எல்லாம் அப்படியே. இரண்டையும் ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்து, வெளிச்சம் குறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.